ஒரு கதிரையில் இரண்டு கடிதம்

நேரத்தின் விலை நிமிடத்துக்கு இரண்டு ரூபா. வவுனியாவில், 1999இல், மஹ்றூப் நானாவின் கடைச் சுவரில் அப்படித்தான் மட்டையில் எழுதித் தொங்கியது. போனால் திரும்பாத சாமானை இவ்வளவு மலிவாக விற்றவர் ஊரில் அவர் ஒருவர்தான். அதிலும் ஐம்பது சதம் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசியவர்கள் உண்டு. பேரம் பேசிய நிமிடங்களுக்கு அவர் காசு கேட்பதில்லை.

கடையில் ஒரு கம்பியூட்டர், ஒரு பிரின்ரர், ஒரு கதிரை. கம்பியூட்டர் படித்தவர் நானாவின் மனைவி சரீபா. நானா படித்தது கல்லாப்பெட்டி மட்டும்.

அன்று பத்து மணியிலிருந்து கதிரையில் இருந்தவர் வயல் செய்யும் கமக்காரர் அமைப்பின் செயலாளர் வீரகத்தியர். குளக்கட்டு உடைந்தது பற்றி மூன்று பக்கக் கடிதம். காற்புள்ளி அழகாக விழுந்திருக்கிறதா என்று பார்க்க நான்கு தரம் அச்செடுத்து, கடையிலிருந்த தாள் முழுவதையும் முடித்திருந்தார். இனித் தாள் வரும்வரை எழும்புவதாக இல்லை.

பதினொன்றேகாலுக்கு நேசமலர் வந்தார். ஆறு வருடமாகத் தொண்டர் ஆசிரியை. நிரந்தர நியமனத்துக்கான விண்ணப்பம் பன்னிரண்டு மணிக்குள் கல்விக் கந்தோரில் இருக்க வேண்டும். கடையின் குணம் தெரிந்தவர் என்பதால் ஐந்து தாள் கையோடு கொண்டுவந்திருந்தார். அவருக்கு இரண்டு போதும். வீரகத்தியர் எழும்பினால் மிச்சம் மூன்றையும் தரத் தயார். தாளைத் தந்தால் எழும்ப வீரகத்தியரும் தயார். முதலில் கொடுக்கத்தான் இருவரும் தயாரில்லை. மிக மரியாதையாகப் பத்து நிமிடம் போனது.

இது தன் பாடத்தில் உள்ள சங்கதி என்றார் சரீபா. ஒரு வேலையின் கையிலுள்ளதை மற்றது கேட்டு, இரண்டும் விடாமல் நின்றால் மெஷின் விறைத்துப் போகுமாம்.

"அப்ப அதுக்கு என்ன வழி?" என்றார் நானா.

"எல்லாத்துக்கும் மேல ஒப்பரேற்றிங் சிஸ்டம் எண்டு ஒருத்தன் இருக்கான். அவன் யாரையாவது எழுப்பி விடுவான்."

வீரகத்தியர் அசையவில்லை. பஸ் யன்னலால் லேஞ்சித் துணியைப் போட்டு சீற் பிடித்தே பழகியவர். இடம் போனால் கடிதமும் போகும் என்பது அவர் கணக்கு. சரீபா அவருடைய கடிதத்தைச் சேமித்து, திரையின் அடியில் சிறு கட்டமாகச் சுருக்கிக் காட்டினார்.

"கடிதம் உள்ளுக்குத்தான் இருக்கு. அதுக்குக் கதிரை தேவையில்ல."

அவர் எழும்பினார். ஆனாலும் லேஞ்சியைக் கம்பியூட்டரின் தலையில் விரித்துவிட்டுத்தான் எழும்பினார்.

நேசமலர் தட்டத் தொடங்கி இரண்டு நிமிடமாகவில்லை, கடிதம் இருக்கிறதா என்று ஒருக்கால் பார்க்க வேண்டும் என்றார் வீரகத்தியர். சரீபா விண்ணப்பத்தைச் சுருக்கிக் கடிதத்தை விரித்தார். அவர் தன் பெயரை வாசித்துத் திருப்தியானார். மறுபடி விண்ணப்பம். மறுபடி சந்தேகம். தடவைக்கு அரை நிமிடம் போனது. எட்டாவது தடவை முடிந்தபோது பதினொன்று நாற்பது. பாதி விண்ணப்பம் மிச்சம்.

"ஐயா, உங்கட கடிதம் உயிரோடதான் இருக்கு. அதைப் பாக்கப் பாக்க என்ர வேலைதான் சாகுது."

"கோவிக்காதேங்கோ பிள்ளை, மனம் கேக்குதில்லை."

நேசமலர் மூன்று தாளை எண்ணி நீட்டினார். "இதை வைச்சிருங்கோ."

கதிரை இப்போது தன்னிடம் இருக்கும் தைரியம் அது. கடைத்தெருவில் இதற்கு அச்சாரம் என்று பெயர். நானா தலையாட்டி ரசித்தார். தாள் கசங்காமல் இரண்டு கையாலும் ஏந்தி நின்ற வீரகத்தியர் அதன் பிறகு கடிதத்தைக் காட்டச் சொல்லவில்லை.

பதினொன்று ஐம்பதுக்கு விண்ணப்பம் அச்சாகி வந்தது. நேசமலர் சைக்கிளில் பறந்தார். கந்தோரில் நான்கு நிமிடம் மிச்சம் வைத்துக் கொடுத்துவிட்டு, காசு கட்டத் திரும்பி வந்தபோது வீரகத்தியரின் மூன்று பக்கமும் ஆறு நிமிடத்தில் அச்சாகி முடிந்திருந்தது.

கடிதத்தையும் விண்ணப்பத்தையும் மாற்றி மாற்றிக் காட்டிய நான்கு நிமிடம் யாருடையது என்பதுதான் பிரச்சினை. தான் அப்போது தட்டவில்லை என்றார் நேசமலர். தான் பார்த்தது மட்டும்தான் என்றார் வீரகத்தியர். அது இருவருடையதும் அல்ல, ஆளை மாற்றி விடுகிறவனுடையது என்றார் சரீபா. நானா யோசித்து, கொப்பியில் எழுதினார்:

நேசமலர், இருபத்தொரு நிமிடம், வரவு. வீரகத்தி, எண்பத்தொரு நிமிடம், வரவு. பேரம், பத்து நிமிடம், இலவசம். ஒப்பரேற்றிங் சிஸ்டம், நான்கு நிமிடம், நிலுவை.