மூன்றாவது ஓலை

இங்கிலாந்துப் பேராயர் கிரான்மரைப் பற்றி எழுதிய நான்கு பக்கங்கள் ஷைஜுவின் சட்டைப்பையில் இருந்தன. மனசில் ஒரு வரியும் நிற்கவில்லை.

ஷார்ஜா சர்ச் வளாகத்தில் தமிழ்ச் சபைக்கு வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணி வரைதான் ஹால். அன்று 2008 அக்டோபர் 31, சீர்திருத்த நாள். பத்து நிமிடப் பேச்சு ஷைஜுவுக்கு. அது முடிந்ததும் லிஜியின் கல்யாண அறிவிப்பு, மூன்றாவது ஓலை. மூன்று வாரம் சபையில் பெயர்களை வாசித்து, யாரும் தடை சொல்லாவிட்டால்தான் கல்யாணம். மாப்பிள்ளைக்குத் தோஹாவில் வேலை. ஓலை கொடுத்தவர் லிஜியின் அண்ணன் ஞானசிங், சபைச் செயலாளர். ஷைஜு வேலை பார்க்கும் கட்டட சைட்டில் அவர்தான் போர்மேன்.

லிஜி ஏற்கனவே ஷைஜுவின் மனைவி என்பது அவர்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். போன நவம்பர் லீவில் நாகர்கோவிலில் பதிவுத் திருமணம். இரண்டு வருடம் கல்யாணம் செய்யக்கூடாது என்று லிஜியின் நர்ஸ் வேலை கான்ட்ராக்டில் இருந்ததால் மறைத்தார்கள். போன மாதம் அந்தக் கெடுவும் முடிந்தது. சொல்ல நினைத்த வாரத்தில்தான் ஞானசிங் சந்தேகப்பட்டு ஷைஜுவைக் கேம்ப் ஆபீசுக்குக் கூப்பிட்டார்.

"லிஜிக்கும் எனக்கும் ஒரு உறவும் இல்லன்னு எழுதிக் கையெழுத்துப் போடுலே. இல்லன்னா நாளைக்கே விசா கேன்சல்."

ஷைஜு போட்டுவிட்டான். அந்தத் தைரியத்தில்தான் ஞானசிங் தோஹா மாப்பிள்ளையைப் பேசி முடித்து ஓலை கொடுத்தார்.

ஹால் வாசலில் லிஜி எதிரே வந்தாள். "பிரதர், பேச்செல்லாம் ரெடியா?" என்று ஊருக்குக் கேட்கச் சிரித்தவள், குரலைத் தாழ்த்தினாள். "முதல் ஓலைக்குத் தலையைக் குனிஞ்சிய. ரெண்டாவதுக்குப் பாட்டுப் புஸ்தகத்தால மூஞ்சிய மறைச்சிய. இன்னைக்கும் எழும்பல்லன்னா நானே எழும்பிச் சொல்லுவேன். ஆனா அதோட நம்ம வாழ்க்கையும் முடிஞ்சுது. என்னை இல்லன்னு எழுதினது நீங்க. நீங்கதான் மாத்திச் சொல்லணும்."

பதில் சொல்வதற்குள் பாட்டு தொடங்கிவிட்டது.

மேடையில் அவன் வேகமாகவே வாசித்தான். கேம்பிரிட்ஜ் ஆசிரியர், அரசரின் விவாகச் சிக்கலுக்கு வழி சொல்லி, பேராயர் ஆனது. ஆங்கிலத்தில் ஜெபப் புத்தகம் தொகுத்தது. "ஜெர்மனியில் ஒரு பெண்ணைக் கட்டினார். குருமார் கல்யாணம் செய்யக்கூடாது என்று சட்டம் இருந்ததால், வருஷக்கணக்காய் அவளை வெளியே காட்டவில்லை."

"அந்தப் பெண்ணு பாவம்லா!" என்றாள் முன்வரிசை இன்பமணி அக்கா. ஹால் சிரித்தது. லிஜி சிரிக்கவில்லை.

ஞானசிங் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். "யல்லா, சீக்கிரம். மலையாளச் சபைக்காரங்க வெளியே நிக்காங்க."

"கத்தோலிக்கரான மேரி ராணி காலத்தில் அவரைச் சிறையில் போட்டார்கள். உயிருக்குப் பயந்து, நம்பினதெல்லாம் தப்பு என்று எழுதிக் கொடுத்தார். பல தடவை." ஷைஜு லிஜியின் பக்கம் பார்க்காமல் தாளைத் திருப்பினான். "கடைசி நாள், கூட்டத்துக்கு முன்னால் எல்லாவற்றையும் மாற்றிச் சொன்னார். உயிரோடு எரிக்கக் கட்டியபோது, கையெழுத்துப் போட்ட வலது கையைத்தான் முதலில் நெருப்பில் நீட்டினார்."

கைதட்டல் வந்தது. வியர்த்துப்போய் இறங்கி உட்கார்ந்தான்.

போதகர் தாளை விரித்தார். இரண்டு பெயர்கள், இரண்டு ஊர்கள். "இது மூன்றாம் ஓலை. தடை அறிந்தவர்கள் இப்போதே சொல்ல வேண்டும்."

வழக்கமாக அவர் மூச்சுவிடும் நேரம்தான் காத்திருப்பார். பெண்கள் பக்கத்தில் லிஜி முன்பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழப் போனாள்.

"தடை இருக்கு, அய்யா."

தன் குரல்தான் என்று ஷைஜுவுக்கே பிறகுதான் புரிந்தது. நின்றுகொண்டிருந்தான்.

"லிஜி எனக்க பெண்டாட்டி. ரிஜிஸ்டர் பண்ணிருக்கோம்."

ஞானசிங் பைபிளுக்குள்ளிருந்து ஒரு காகிதத்தை உருவினார். "பொய்! இது உன் கையெழுத்து இல்லியாலே?"

"என் கையெழுத்துதான் அண்ணே. விசாவுக்குப் பயந்து போட்டேன். அதில இருக்கிறதுதான் பொய்."

போதகர் லிஜியைப் பார்த்தார். "நீ என்னம்மா சொல்லுத?"

"உண்மைதான், அய்யா. சர்டிபிகேட் ஹாஸ்டல்ல இருக்கு."

போதகர் பேனாவை எடுத்து ஓலைக்குக் குறுக்கே கோடு போட்டார்.

"நாளைக்கு சைட் பக்கம் வராத. கலாஸ், உன் வேலை முடிஞ்சுது!" ஞானசிங்கின் உதடு துடித்தது. கோபமா, அவமானமா, தெரியவில்லை.

"சரி அண்ணே," என்றான் ஷைஜு.

லிஜி நடுவழியைக் கடந்து ஆண்கள் பக்கம் வந்தாள். பெஞ்சில் இருந்தவர்கள் காலை ஒதுக்கினார்கள்.

"கோபம் இன்னும் போவல்ல, கேட்டியளா?" என்றாள் மெதுவாக. "நானும் இருக்கணும், தள்ளி உக்காருங்க."