இரண்டாவது மாடியில் நின்ற படம்

எங்கள் குடியிருப்பில் வயர்லெஸ்ஸில் அனுப்பும் படங்கள் படியேறித்தான் வரும். கேமராவில் இருப்பவர்கள் ஒவ்வொருவராக இறங்கி, செருப்பை மாட்டிக்கொண்டு, லேப்டாப் திறந்திருக்கும் வீட்டுக்கு நடந்து வருவார்கள். லிஃப்டில் சிக்னல் கிடையாது. கேமராவின் மெமரி கார்டைக் கழற்றிப் பர்ஸில் போட்டுக் கொண்டுவந்தால் வேலை சட்டென்று முடியும். ஆனால் உள்ளே முழங்கால் இடிக்க, புழுக்கத்தில் உட்கார்ந்து வருகிறவர்களுக்கு முகம் கடுகடுவென்று ஆகிவிடும். போன வருஷம் கார்டில் வந்த என் மாமனார், அந்தப் படத்தில் இன்னும் துண்டால் விசிறிக்கொண்டிருக்கிறார்.

அதனால்தான் திண்டுக்கல் கல்யாணப் படத்தை வயர்லெஸ்ஸில் விடச் சொன்னேன். அதில் என் தங்கை வைஜயந்தி என் தோளில் கை போட்டுச் சிரிக்கிறாள்.

எங்கள் கிரகப்பிரவேசத்தன்று என் சமையலறையைப் பார்த்து, "பாத்ரூம் நல்லா இருக்குக்கா" என்றவள் அவள். உன் மூக்குக்கண்ணாடியை மாற்று என்றுதான் சொன்னேன். அதற்கு அத்தனை பேர் முன்னால், "இனிமே உன் வீட்டுப் படி ஏறமாட்டேன்" என்று போய்விட்டாள். அதற்குப் பிறகு கல்யாண மண்டபத்தில்தான் பார்த்தோம். என் வீட்டுக்காரர், "ஒட்டி நில்லுங்கப்பா" என்றார். என்ன தோன்றியதோ, சிரித்துவிட்டாள். கேமரா இறங்கியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆக, அந்தச் சிரிப்பு இருப்பது அந்த ஒரு படத்தில்தான்.

புதுக் கேமரா வாங்கிய மனுஷர் காரை நிறுத்தியதும் கீழிருந்தே அனுப்பிவிட்டார். லேப்டாப்பில் பாதி வந்து நின்றது. எங்கள் உச்சந்தலைகளும் பின்னால் மண்டபத்துச் சீரியல் லைட்டும் வந்திருந்தன. முகங்களைக் காணோம்.

இறங்கிப் போனேன். இரண்டாவது மாடியில் ரஞ்சிதம், படத்து ஜனங்களைத் தன் வீட்டு வாசலில் உட்கார வைத்து மோர் கொடுத்துக்கொண்டிருந்தாள். வீட்டு வழியாக யார் போனாலும் அவளுக்குக் கை சும்மா இருக்காது. வைஜி மட்டும் நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் அரக்குப் பட்டில் நான்.

"ஏண்டி, நீயாவது இவளை இழுத்துட்டு வரக்கூடாதா?" என்று அந்த என்னைக் கேட்டேன்.

"தோள்ல கை போட்டிருக்கா. கையை எடுத்தா படம் மாறிடும். தெரிஞ்சுக்கிட்டே கேக்காதே" என்றாள். என்ன வாய்!

வைஜி சிரித்தபடியே, "சொன்ன சொல்லுக்கா. உன் வீட்டுப் படி ஏறமாட்டேன்" என்றாள். படத்தில் எப்படி இருக்கிறாளோ அப்படித்தானே பேச முடியும்.

"லேப்டாப்பை இங்க எடுத்துட்டு வரேன்."

"ரஞ்சிதம் வீட்டுக்கு வந்த படமா நான்? உன் வீட்டுக்குன்னுதானே கிளம்பினேன்."

கீழேயிருந்து என் வீட்டுக்காரர் கத்தினார்: "பேட்டரி செவப்பு காட்டுது! கார்டைக் கழட்டிடட்டுமா?"

"கழட்டினீங்கன்னா இன்னைக்குச் சாப்பாடு கிடையாது!"

பேட்டரி போனால் படிக்கட்டில் நிற்பவர்கள் கலைந்துவிடுவார்கள். வைஜியின் கைவிரல்கள் ஏற்கெனவே கொஞ்சம் மங்கத் தொடங்கியிருந்தன. சிரிப்பு மங்கவில்லை.

மேலே போனேன். அடுப்பை அணைத்தேன். பால் பாத்திரம் தளும்பாமல் ஒரு தட்டு போட்டு மூடினேன். ஜன்னல்களைச் சாத்தி, சமையலறைப் பக்கத்தை முதலில் திருப்பி, வீட்டைப் படிக்கட்டு வழியாகக் கீழே கொண்டுவந்தேன். வளைவில் பால்கனி இடித்தது. படத்து அரக்குப் பட்டு ஒரு கை பிடிப்பாள் என்று பார்த்தேன். "கை காலியா இல்லை" என்றாள்.

வாசல் நிலை வைஜியின் காலுக்கு நேராக வந்து உட்கார்ந்தது. ஏற ஒரு படிகூட இல்லை.

அவள் அந்த என்னோடு உள்ளே போனாள். மற்றவர்கள் மோரை முடித்துவிட்டுப் பின்னாலேயே போனார்கள். லேப்டாப்பில் முழுப் படமும் வந்துவிட்டது. இருக்கிற பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாள், கழுதை.

"நீங்க இங்கயே இருங்கக்கா, எனக்கும் மேல காத்து வரும்" என்ற ரஞ்சிதம், தன் வீட்டைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, மோர்ச் சொம்பை இன்னொரு கையில் எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள்.