எச்சில் தட்டு

பல வருஷம் தையல் மெஷினோடு மல்லுக்கட்டியவரைச் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். அன்றிலிருந்து அவருக்குத் தலைகால் புரியவில்லை. தையல்காரர்கள் அவருக்குத் 'துரை' என்று பெயர் வைத்தார்கள். நேரிலேயே அப்படிக் கூப்பிட்டபோதும் அவர் கோபப்படவில்லை. கேலி என்று புரிந்தால்தானே கோபம் வர!

அந்த ஆலையில் சாப்பாட்டு அறை இரண்டு. தொழிலாளர் கூடத்தில் வரிசையில் நின்று சோறு வாங்கி, தின்றதும் அவரவர் தட்டை அவரவரே எடுத்துக்கொண்டுபோய்க் கழுவுமிடத்தில் வைக்க வேண்டும். கண்ணாடிக் கதவுக்குள் இருக்கும் அதிகாரிகள் அறையில் ஜன்னலுக்குத் திரை உண்டு, துடைத்த மேசை உண்டு. சோறு மட்டும் அதே அண்டாச் சோறுதான். அந்தச் சோற்றைக் கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து தின்பதற்காகத் துரை எத்தனை நாள் மேனேஜரிடம் பல்லை இளித்தார் என்பது அவருக்கே வெளிச்சம். ஒருவழியாக மேனேஜர், "வாங்களேன், எங்களோட சாப்பிடலாம்" என்றார்.

துரையின் மனைவிக்கு அங்கேயே பாத்திரம் கழுவும் வேலை. என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே என்று அவளிடம் சொல்லிவிட்டுத்தான் அவர் உள்ளே போனார். அப்பேர்ப்பட்ட மனுஷன்.

முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். மேனேஜர் சொன்ன அரதப் பழைய ஜோக்குக்கு முதல் ஆளாகச் சிரித்தார். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. சாப்பிட்டு முடித்ததும் பாழாய்ப்போன கை, பழக்கதோஷத்தில் தட்டைத் தூக்கிவிட்டது. கூடவே ஆளும் எழுந்துவிட்டார்.

அந்த அறையில் யாரும் தட்டைத் தொடுவதில்லை. எடுக்க ஆள் வரும். ஒருவர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். துரைக்கு உட்காரவும் முடியவில்லை, நகரவும் முடியவில்லை. இதோடு தன்னைக் கூடத்துக்கே துரத்திவிடுவார்கள் என்று நடுங்கினார்.

"எழுந்ததுதான் எழுந்தீங்க, இதையும் கொண்டுபோயிடுங்களேன்" என்று மேனேஜர் தன் தட்டை நீட்டினார். மற்றவர்களும் நீட்டினார்கள். துரைக்குப் போன உயிர் திரும்பி வந்தது. துரத்தவில்லையே!

குழாயடியில் மனைவி நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னங்க இது? யார் தட்டு இவ்வளவும்?"

"மெதுவாப் பேசு. மேனேஜரே தன் கையால குடுத்தாரு, தெரியுமா?"

"அவரோட எச்சிலையா?"

"உனக்கு இதெல்லாம் புரியாது. வேற யார்கிட்டயாவது குடுப்பாரா அவரு?"

அவள் குழாயை மூடினாள். "எனக்கு இதுக்குச் சம்பளம் தர்றாங்க. உங்களுக்கு என்ன தர்றாங்க?"

துரைக்கு வெட்கமாக இருந்தது, அந்த மட்டும் மனுஷர்தான். கூடத்தை எட்டிப் பார்த்தார். இப்போது போனாலும் பழைய கூட்டாளிகள் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுப்பார்கள். கொஞ்சம் கிண்டல் பண்ணுவார்கள், அவ்வளவுதான்.

மறுநாள் மணியடித்ததும் துரை கண்ணாடிக் கதவைத்தான் தள்ளினார். எல்லோருக்கும் முன்னால் அள்ளிப் போட்டுத் தின்று முடித்தார். மேனேஜர் கடைசி வாய்ச் சோற்றை மெல்லும்போதே, அவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.