ஐந்து வாய்களும் ஒரு விரல் மசியலும்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால்: மருத்துவமனையின் மூன்றாம் மாடி ஏழாம் அறையில் இருக்கும் இரண்டரை வயதுப் பெண்குழந்தை ஒரு ஸ்பூன் உருளைக்கிழங்கு மசியலை விழுங்குமா என்று கண்டறிய, ஐந்து நிபுணர்கள் அடங்கிய குழு கூடியது.

ஐவரும் கட்டிலைச் சூழ்ந்து, ஸ்பூனை நீட்டி, ஒரே குரலில் "ஆ" என்றார்கள். ஐந்து பெரிய வாய்கள் திறந்தன. திறக்க வேண்டிய வாய் பூட்டிக்கொண்டது.

பிறந்ததிலிருந்து மூக்குக் குழாயில்தான் அதற்குப் பால். புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும் என்ற பயம். போன மாதம் எடுத்த எக்ஸ்ரேயில் தொண்டை ஒழுங்காக விழுங்கியது. ஆனாலும் குழந்தை எதையும் வாயருகே அண்டவிடவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் வாய்வழியாக ஏதாவது போகாவிட்டால் வயிற்றில் துளையிட்டுக் குழாய் வைத்துவிடலாம் என்று தலைமை மருத்துவர் தீர்ப்பளித்தார்.

மூலையில் நின்ற அம்மா தலையாட்டினாள். தலையாட்டுவதில் அவளுக்கு இரண்டரை வருட அனுபவம். தூர ஊரில் வேலை பார்க்கும் கணவர் வாரம் ஒருமுறை போனில் எத்தனை மில்லி என்று விசாரிப்பார். குழந்தையின் மில்லிதான். பெண்டாட்டி எத்தனை மில்லியில் உயிர்வாழ்கிறாள் என்று கேட்க அவருக்குத் தோன்றியதில்லை.

குழு கலைந்தபின், அதில் கடைசி நாற்காலிக்காரரான விழுங்கல் பயிற்சியாளர் மட்டும் தங்கினார். குழந்தையைச் சேர்த்த நாளிலிருந்து இந்த அம்மா சாப்பிட்டு அவர் பார்த்ததே இல்லை.

"நீங்க எங்கம்மா சாப்பிடுறீங்க?"

"மாடிப்படிக்குக் கீழ."

"வீட்டுல?"

அம்மா தயங்கினாள். "பாத்ரூம்ல. கதவைச் சாத்திக்கிட்டு. இவளால முடியாதப்ப, இவ கண்ணு முன்னாடி எனக்கு எப்படிங்க இறங்கும்?"

"அப்ப யாரும் சாப்பிட்டு இவ பார்த்ததே இல்ல."

வீட்டில் பார்ப்பதற்கு வேறு யாரும் இல்லை. அம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. குழந்தையைப் பொறுத்தவரை வாய் என்பது அழுவதற்கும், டாக்டர்கள் டார்ச் அடிப்பதற்கும் உள்ள ஓட்டை.

கட்டிலில் உட்கார்ந்து இந்த மசியலை நீங்கள் சாப்பிடுங்கள், ஊட்டாதீர்கள், கெஞ்சாதீர்கள், நான் இங்கே இல்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள் என்றார் பயிற்சியாளர். கடைசியாகச் சொன்னது சுலபம். யாரும் இல்லை என்று நினைப்பது அம்மாவுக்குக் கைவந்த கலை.

முதல் வாய் தொண்டையிலேயே நின்றது. ஒருவர் பார்க்கச் சாப்பிட்டு இரண்டரை வருடமாகிறது. ஆடுகிற தாடையைக் குழந்தை, திருட்டைக் கையும் களவுமாகப் பிடித்ததுபோல் பார்த்தது. தவழ்ந்து வந்தது. அம்மாவின் உதட்டோரம் ஒட்டியிருந்த மசியலை விரலால் வழித்துத் தன் நாக்கில் தேய்த்து விழுங்கியது. அடுத்த விரலை நக்கிவிட்டு, முகத்தைச் சுளித்துத் துப்பியது.

பயிற்சியாளர் கைதட்டவில்லை, தட்டினால் காரியம் கெட்டுவிடும். ஒரு விரல் விழுங்கியது, ஒரு விரல் துப்பியது என்று மட்டும் எழுதினார். துளையிடுவது ஒரு மாதம் தள்ளிப்போனது. குழுவின் அயராத உழைப்பு என்று அந்தக் குறிப்பின் கீழே எழுதித் தலைமை மருத்துவர் கையெழுத்திட்டார்.

எல்லோரும் போனார்கள். குழந்தை தூங்கிவிட்டது. அம்மா கட்டிலோரம் உட்கார்ந்து மிச்ச மசியலைத் தனியாகத் தின்றாள்.

அதில் உப்பே இல்லை.