பத்து நிமிஷப் பால்

உலகத்தில் உருப்பட்டதெல்லாம் கட்டுப்பாட்டால் உருப்பட்டது. கெட்டதெல்லாம் கட்டுப்பாடு இல்லாமல் கெட்டது. பேரரசுகள் எழுந்ததும் விழுந்ததும் இந்த ஒன்றால்தான். நீச்சல்குளத்துக் கோச் இந்த மாபெரும் உண்மையை ஒவ்வொரு பெற்றோர் கூட்டத்திலும் மைக் பிடித்துச் சொல்லுவார். சொல்லும்போது கழுத்தில் விசில் ஆடும், பின்வரிசை அப்பாக்கள் செல்போனைப் பையில் போட்டுக்கொள்வார்கள்.

அவருடைய ஐந்து மாத மகன் மட்டும் இந்த உண்மையைக் கேள்விப்படாமலே பிறந்துவிட்டான். கோச்சின் வீட்டில் ராத்திரி என்று ஒன்று இருந்ததாக அக்கம்பக்கத்தில் யாரும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். ஊர் அடங்கியதும் பையன் ஆரம்பிப்பான். பால் குடிப்பான், கண்ணை மூடுவான், தொட்டிலில் விட்டதும் மறுபடி ஆரம்பிப்பான். விடிகிறவரைக்கும் இதே கூத்து. பகலிலோ தங்கக்கட்டி. வருகிறவர்கள் போகிறவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பான்.

கோச் இதை ஒழுக்கப் பிரச்சினை என்று முடிவு கட்டினார். தண்ணீரைக் கண்டு அலறுகிற பிள்ளைகளையெல்லாம் ஒரு கோடைக்குள் மீன்குஞ்சாக்கியவருக்கு, முழங்கை நீளம் இருக்கிற ஒருத்தனைப் பழக்குவதா கஷ்டம்? பகலில் நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை பால், தடவைக்குப் பத்து நிமிஷம், பத்தாவது நிமிஷம் பீப் அடித்ததும் எடுத்துவிட வேண்டும் என்று திட்டம் போட்டார். பகலில் வயிற்றை லேசாக வைத்திருந்தால், படுக்கும் நேரத்தில் வயிறு முட்டக் குடித்துவிட்டுக் கட்டைபோலத் தூங்குவான். போட்டிக்கு முந்தின நாள் வீரர்களை அப்படித்தான் வைத்திருப்பார். இதற்கென்று குளத்திலிருந்து ஸ்டாப்வாட்ச் ஒன்று வீட்டுக்கு வந்தது.

அதை இயக்கும் பொறுப்பு கோச்சின் அக்காவுக்கு. கணவர் வெளிநாட்டில் வேலை பார்ப்பதால் தம்பி வீட்டோடு இருந்தாள். தம்பி சொன்னது அவளுக்கு வேதவாக்கு. தம்பிக்கு அடுத்தபடியாக அவள் மதித்தது தொலைக்காட்சித் தொடர். இரண்டையும் ஒரே நேரத்தில் கவனிக்க வேண்டியிருந்ததால், பால் கொடுப்பது ஹாலில்தான் என்று ஏற்பாடானது.

மனைவி ஆரம்பத்திலேயே சொல்லிப் பார்த்தாள். பையன் பகலில் வேடிக்கை பார்த்துக்கொண்டு சரியாகக் குடிப்பதே இல்லை, அதனால்தான் ராத்திரி எழுகிறானோ என்று. கோச் சிரித்துக்கொண்டே அவள் தோளைத் தட்டினார். குளத்தில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளையும் அவர் அப்படித்தான் தட்டுவார். அதற்கப்புறம் அவள் அதைப்பற்றிப் பேசவில்லை. பேசத் தெம்பும் இல்லை. சர்க்கரை டப்பாவில் உப்பைக் கொட்டி வைத்துவிட்டு, யார் செய்தது என்று இவளே சத்தம் போடுகிற நிலைமையில் இருந்தாள்.

கோச்சின் நிலைமை அதைவிட மோசம். ஆனால் அவரிடம் கறுப்புக் கண்ணாடி இருந்தது.

ஒரு சனிக்கிழமை காலை, புதுப் பிள்ளைகளின் வகுப்பு. ஆழம் குறைந்த பக்கத்தில் பிள்ளைகள் மிதவைப் பலகையைப் பிடித்துக்கொண்டு காலை உதைத்துப் பழகினார்கள். அதற்கும் ஆழமான பக்கத்துக்கும் நடுவே மிதவைக் கயிறு. கோச் காவல் நாற்காலியில், உயரத்தில், கை கட்டி, நெஞ்சு நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். மேலே வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா பக்கத்து அம்மாவிடம், இந்த மனுஷன் இமைகூடக் கொட்டமாட்டார்போல என்று மெச்சிக்கொண்டாள். அது உண்மைதான். மூடிய இமையைக் கொட்ட முடியாது.

பிள்ளைகளில் ஒருத்திக்குத் தவளை என்று பட்டப்பேர். எதிலும் முந்திக்கொண்டு குதிக்கிறவள். பலகை அவள் கையை விட்டு நழுவி, கயிற்றுக்கு அந்தப் பக்கம் மிதந்து போனது. பிடிக்கலாம் என்று கயிற்றுக்கு அடியில் நுழைந்தாள். ஒரு எட்டு வைத்ததும் காலுக்குக் கீழே தரை இல்லை.

தண்ணீரில் மூழ்குகிறவர்கள் கூச்சல் போடுவார்கள் என்று நினைக்கிறோம். தவளை சத்தமே போடவில்லை. வாய் தண்ணீருக்கு மேலே வந்தபோது மூச்சுக்கு மட்டும்தான் நேரம் இருந்தது, அடுத்த தடவை அதற்கும் இல்லை. கை இரண்டும் தண்ணீரை மேலிருந்து கீழாக அழுத்தின. பக்கத்திலிருந்த பிள்ளைகள் அவள் விளையாடுகிறாள் என்று சிரித்தார்கள். பெரியவர்கள் கோச்சைப் பார்த்தார்கள். கோச் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கோச்சே பார்த்துக்கொண்டிருக்கும்போது ஆபத்து எப்படி வரும்?

டிக்கெட் கவுண்டர் அக்கா சில்லறை கேட்பதற்காக உள்ளே வந்தாள். அவளுக்கு நீச்சல் தெரியாது. இத்தனை வருஷமாக அங்கே வேலை பார்த்தும் கணுக்காலை நனைத்ததில்லை. தலைமுடி மட்டும் மிதப்பதைப் பார்த்தாள், நாற்காலியைப் பார்த்தாள், மறுபடி தண்ணீரைப் பார்த்தாள். சுவரில் சாய்த்து வைத்திருந்த இலை அள்ளுகிற வலைக்கம்பை எடுத்து, விளிம்பில் மண்டியிட்டு நீட்டினாள். முதல் தடவை கம்பு எட்டவில்லை. செருப்பை உதறிவிட்டு, வயிறு தரையில் பட அப்படியே படுத்து, இன்னும் நீட்டினாள்.

"பிடி கண்ணு, பிடி. கோச் சார். கோச் சார், எழுந்திருங்க."

கோச் கண் திறந்தபோது கவுண்டர் அக்கா தரையில் குப்புறக் கிடந்தாள். வலையைப் பிடித்த பிஞ்சுக்கை ஒன்று மட்டும் தெரிந்தது. அவர் குதித்தது, சிறுமியைத் தூக்கியது, விளிம்பில் கிடத்தியது எதுவும் பிறகு அவருக்கு ஞாபகமில்லை. தவளை இருமித் தண்ணீரைக் கக்கி, மூச்சை இழுத்து, ஓவென்று அழுதாள். அந்த அழுகை கேட்ட பிறகுதான் கோச்சுக்குப் போன உயிர் வந்தது. அழுகை சத்தம் இவ்வளவு இனிமையாக இருக்கும் என்று அவர் அதுவரை நினைத்ததில்லை.

தவளையின் அம்மா மேலிருந்து ஓடி வந்தாள். மகளைத் துண்டில் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு, கோச்சிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நீங்க பார்த்துட்டுதானே இருந்தீங்க?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். கண்ணாடி இன்னும் மூக்கின்மேல்தான் இருந்தது. கோச் அதைக் கழற்றினார். உள்ளே இருந்த கண்களைப் பார்த்ததும் அந்த அம்மா இன்னொரு கேள்வி கேட்கவில்லை.

"தூங்கிட்டேம்மா."

தவளையை டாக்டரிடம் கூட்டிப்போய்ப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை என்றார்கள். மேனேஜர் கோச்சைக் கூப்பிட்டு, ஒரு வாரம் வீட்டில் இருங்கள் என்றார். அதற்கப்புறமும் கண் இப்படியே இருந்தால் அந்த நாற்காலியில் வேறு ஆள்தான் என்றும் சொன்னார். கோச்சின் முகத்தில் ஈயாடவில்லை. நீச்சலைத் தவிர வேறு தொழில் தெரியாத மனுஷன்.

இப்படித்தான் அவர், பையன் பிறந்த பிறகு முதல்தடவையாக, ஒரு முழுப் பகலை வீட்டில் கழித்தார்.

ஞாயிற்றுக்கிழமை பால் நேரம் வந்தது. அக்கா ஸ்டாப்வாட்சை எடுத்துக்கொண்டு டி.வி.க்கு எதிரே உட்கார்ந்தாள். மனைவி பையனை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, மாராப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, பால் கொடுக்க ஆரம்பித்தாள். பையன் நாலு மடக்குக் குடித்தான். டி.வி.யில் ஒரு மாமியார் கதவை அறைந்து சாத்தினாள். பையன் வாயை எடுத்துத் திரும்பிப் பார்த்தான். மனைவி அவன் தலையை மெல்லத் திருப்பினாள். ரெண்டு மடக்கு. மருமகள் அழுதாள். மறுபடி திரும்பினான். அக்கா, அந்த மருமகள் அழுவது நடிப்பு என்று விளக்கம் சொன்னாள். பையன் அத்தையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். பீப் அடித்தது.

"பத்தாச்சு. எடுத்துடும்மா."

மனைவி எடுத்தாள். பையன் முகத்தைச் சுளித்துச் சிணுங்கினான். அக்கா தயாராக வைத்திருந்த ரப்பர் நிப்பிளை வாயில் வைத்தாள். அவன் அதைச் சப்பினான், சப்பினான், ஒன்றும் வராததைப் பற்றி யோசித்தான், பிறகு தூங்கிப்போனான். எவ்வளவு சமர்த்து என்று அக்கா தம்பியைப் பெருமையோடு பார்த்தாள்.

தம்பி அவளைப் பார்க்கவில்லை. பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் தண்ணீரில் நின்றுவிட்டு, நான் நீந்தினேன் என்று சொல்லுகிற பிள்ளைகள் அவர் ஞாபகத்துக்கு வந்தார்கள். பத்து நிமிஷம் ஓடியது வாட்ச்தான்.

"தெனமும் இப்படித்தானா?" என்று மனைவியைக் கேட்டார்.

"இன்னிக்குப் பரவால்ல. நீங்க இருக்கீங்கன்னு அண்ணி சத்தத்தைக் கொறைச்சு வச்சிருக்காங்க."

"நீ எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

மனைவி பையனைத் தொட்டிலில் படுக்கவைத்துவிட்டு வந்தாள்.

"சொன்னேன். நீங்க தோளைத் தட்டினீங்க." அவள் குரலில் கோபம்கூட இல்லை. "பகல்ல நாம கொடுக்காத பாலைத்தாங்க அவன் ராத்திரியில கேட்டு வாங்கிக்கிறான். அது அடம் இல்ல, பசி. பசிக்குப் போய் என்ன ஒழுக்கம் கத்துக்கொடுக்கறது? தூங்காம நான் உப்பையும் சர்க்கரையையும் மாத்திப் போட்டா டீதான் கெடும். நீங்க தூங்கினா யார் வீட்டுக் குழந்தையோ சாகும்."

அக்கா டி.வி.யை அணைத்தாள். தொடர் முடியவில்லை, அந்த வீட்டில் அது பெரிய விஷயம்.

மறுநாள் டாக்டரிடம் போனார்கள். படுக்கும் முன் பாலில் கஞ்சி மாவு கலந்து கொடுத்தால் என்ன என்று கேட்க கோச் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தார். கேட்டார். டாக்டர் அம்மா கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்து, அந்த வேலையே வேண்டாம் என்றாள். எடை சரியாகத்தான் ஏறியிருந்தது. பகல் பாக்கியைப் பையன் ராத்திரியில் வசூலித்துக்கொண்டிருந்தான். சத்தம் இல்லாத அறையில், அவனாக வாயை எடுக்கிறவரைக்கும் கொடுங்கள், கையைச் சப்ப ஆரம்பித்தால் மணி பார்க்காமல் கொடுங்கள் என்றாள். ராத்திரி ஒரு தடவை எழுந்து கேட்டால் அதையும் கொடுங்கள், இந்த வயதில் அது சகஜம், ராத்திரிப் பாலை நிறுத்தித் தூங்கவைக்கப் பார்க்காதீர்கள் என்றும் சேர்த்துச் சொன்னாள்.

ஸ்டாப்வாட்ச் குளத்துக்கே திரும்பிப் போனது. உள்அறையில் திரைச்சீலை இழுக்கப்பட்டது. கோச் கதவுக்கு வெளியே காவல் நின்று, பேச வருகிறவர்களை உதட்டில் விரல் வைத்து விரட்டினார். அக்கா ஹாலில் தொடரைச் சத்தமே இல்லாமல் பார்த்து, வசனங்களைத் தானே ஊகித்துக்கொண்டாள். உள்ளே பையன் முதலில் சந்தேகத்தோடு குடித்தான். திரும்பிப் பார்க்க எதுவும் இல்லை. நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நிற்க, மடக் மடக்கென்று சத்தம் வெளியே கேட்கக் குடித்தான். கோச் கதவில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் பையன் தானாக வாயை எடுத்துக் கையை விரித்துப் போட்டுக்கொண்டான்.

அன்றைக்கே அதிசயம் நடந்துவிடவில்லை. ஆனால் வாரம் முடிவதற்குள் ராத்திரி அழுகைகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. மனைவி ஒரு காலையில், யாரும் சொல்லாமலே, தலைக்குக் குளித்துவிட்டு வந்தாள்.

மேனேஜர் கோச்சின் கண்ணை உற்றுப் பார்த்துவிட்டு, திரும்ப நாற்காலியில் உட்காரவிட்டார். கண்ணாடி இனி கூடாது என்றார். அந்த வாரப் பெற்றோர் கூட்டத்தில் கோச் மைக்கைப் பிடித்து, கட்டுப்பாடு என்பது என்று ஆரம்பித்தார். முன்வரிசையில் தவளையின் அம்மா உட்கார்ந்திருந்தாள். கோச் நிறுத்தினார்.

"நான் சொல்லவந்தது வேற. எங்க வீட்ல பையன் ராத்திரியெல்லாம் அழுதான். அவனைத் திருத்தப் பார்த்தேன். திருந்த வேண்டியது எங்க பகல். கைக்குழந்தை ராத்திரி தூங்கணும்னா பகல்ல அதுக்கு வயிறார, அமைதியா பால் கொடுங்க. அதோட அம்மா ஒண்ணு சொன்னா காது கொடுத்துக் கேளுங்க. நான் கேட்கலை. அதுக்கு இந்தக் குளத்துல ஒரு குழந்தை உயிரைக் கொடுக்கப் பார்த்தது."

யாரும் கைதட்டவில்லை. தவளையின் அம்மா தலையை மட்டும் அசைத்தாள். மறுநாள் மகளைத் திரும்ப வகுப்புக்கு அனுப்பினாள்.

கூட்டம் நடந்த அன்று ராத்திரி பையன் ஒரே ஒரு தடவைதான் எழுந்து அழுதான். பசியால் இல்லை. கோச்சின் குறட்டையால்.