முந்நூறு தட்டு

என் வீட்டுக்காரர் காலை இழுத்து நடப்பதற்குக் காரணம், குளியலறையில் வழுக்கி விழுந்தது. ஆனால் அந்தப் பழைய கதாநாயகனின் நினைவுநாள் வந்தால் போதும், ரசிகர் மன்றத்துக்காரர்கள் அதைக் குண்டடி ஆக்கிவிடுவார்கள்.

பேரும் புகழுமாக இருந்தபோதே நடிப்பை விட்டுப் போருக்குப் போனவர் அந்த நடிகர். அவர் இருந்த முகாமில் இவர் லாரி ஓட்டினார். இதுவரை உண்மை. மீதியெல்லாம் மன்றத் தலைவரின் கைவண்ணம். முதல் வருடம் நடிகர் இவருக்குத் தண்ணீர் கொடுத்தாராம். அப்புறம் காயத்துக்குக் கட்டுப் போட்டாராம். இந்த வருடம் தோளில் தூக்கிக்கொண்டே ஓடிவிட்டாராம்! தலைவர் எழுதிக் கொடுத்த தாளை இவர் மேடையில் வாசிக்க வேண்டும். போதாததற்குப் பத்திரிகையிலிருந்தும் ஆள் வருகிறார்.

"அச்சுல வந்துட்டா சாகுற வரைக்கும் இந்தப் பொய்யைச் சுமக்கணும். இந்தத் தடவையாவது உண்மையைச் சொல்லித் தொலைங்களேன்" என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

"பாவம், ஆசையா கூப்பிடுறாங்க" என்றார். பதினொரு வருடமாக இதே பதில். விழா முடிந்து வந்து மூன்று நாள் சாப்பாடு இறங்காமல் உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பவள் நான்.

அரங்கில் துப்பாக்கியோடு நடிகரின் ஆளுயரப் படம். அதுவும் சினிமாவில் எடுத்ததுதான். வாடகைச் சீருடையில் பதக்கம் குலுங்கத் தலைவர் நின்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இவர் தாளைப் பிரித்து, "குண்டு மழைக்கு நடுவே..." என்று தொடங்கி நின்றுவிட்டார்.

"கண்ணாடி வேணுமாண்ணே?" என்றார் தலைவர்.

"வேணாம் தம்பி." தாளை மடித்தார். "அவரைச் சண்டைக்கே அனுப்பல. பெரிய நடிகர், ஏதாவது ஆயிடுமேன்னு மேலிடத்துக்குப் பயம். சமையல்கூடத்துல தட்டு கழுவினாரு. தினம் முந்நூறு தட்டு. கையெல்லாம் வெடிச்சு ரத்தம் வரும். ஒரு நாள்கூட லீவு கேட்கல."

தலைவர் மைக்கைப் பிடுங்கி, "அண்ணனுக்கு வயசாயிடுச்சு, ஞாபகம் தடுமாறுது" என்று பாட்டைப் போடச் சொன்னார். கீழே இறங்கக் கை கொடுக்க ஒருவரும் வரவில்லை. நான்தான் போனேன்.

"இதைச் சொல்ல பதினொரு வருஷமா? என்கிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லாதேன்னு அந்த நடிகர்தான் கேட்டுக்கிட்டாரு. படம் பிடிக்க ஆளுங்க வந்தா என் லாரிக்குள்ள ஒளிஞ்சுக்குவாரு. ஊரே நான் சண்டை போடுறேன்னு நெனைக்குது, இந்தக் கையை எப்படிக் காட்டுவேன்னு அழுவாரு." கையிலிருந்த தாளை இன்னும் சிறிதாக மடித்தார். "அதுல வெட்கப்பட ஒண்ணுமில்லன்னு நான் அன்னைக்கே அவர்கிட்ட சொல்லியிருக்கணும். சொல்லல."