அஜ்மல் பீவியின் அதட்டல்

நைனா முகமது மௌத்தாகி இரண்டு வருஷம் ஆகிறது. உயிரோடு இருந்தவரை அவர் பாட்டைக் கேட்க மதுரையில் ஒரு காக்காகூட நின்றதில்லை. இப்போதோ மாட்டுத்தாவணி ஷேர் ஆட்டோவிலிருந்து மேலூர் கல்யாண மண்டபம் வரை அவர் குரல்தான்.

குடை ரிப்பேர் பார்த்த மனிதர். சுருதியும் தெரியாது, தாளமும் தெரியாது. சாயங்காலமானால் ஈயச்சட்டியைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டிக்கொண்டு, சமயநல்லூர் பஸ் வராத சோகத்தைப் பாடிப் போனில் பதிவுசெய்வார். அவர் போனபின் தங்கச்சி மகள் ஃபாயிஸா அதை இணையத்தில் போட்டாள். வெங்கடேஷ்பாபு என்கிற பையனின் இசைக்குழு அதற்குக் கிடாரும் டிரம்ஸும் சேர்த்தது. ஊருக்கே கிறுக்குப் பிடித்துவிட்டது. டீ ஷர்ட்டில்கூட அவர் முகம்.

மனைவி அஜ்மல் பீவிக்குத்தான் மானம் போயிற்று. பாட்டின் நடுவில் அவள் குரலும் பதிவாகியிருந்தது: "போதும் நிறுத்துங்க, ஊரே சிரிக்குது!" அந்த இடம் வந்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடச் சேர்ந்து கத்தின. செத்த மனுஷனை என் வார்த்தையை வைத்தே ஊர் கேலி செய்கிறதே என்று அவளுக்கு நெஞ்சு எரிந்தது. பாட்டு ஆரம்பித்தாலே ஆட்டோவை நிறுத்தி இறங்கி நடந்துவிடுவாள்.

"இன்னைக்கு அந்தப் பயகிட்டச் சொல்லி எங் குரல வெட்டி எறியச் சொல்றேன், வாடி" என்று ஃபாயிஸாவை இழுத்துக்கொண்டு, வெங்கடேஷ்பாபு குழுவின் கச்சேரி நடக்கும் கல்லூரி மைதானத்துக்குப் போனாள்.

மேடையை நெருங்குவதற்குள் பாட்டு தொடங்கிவிட்டது. கூட்ட நெரிசலில் தப்பி ஓட வழியில்லை. அவள் அதட்டல் வந்தது. மைதானமே சேர்ந்து அதட்டியது. பீவி முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

அதற்கப்புறம் என்ன வருமென்று அவளுக்குத் தெரியாது. திட்டிய கையோடு அடுப்படிக் கதவைச் சாத்திக்கொள்வதுதானே அவள் வழக்கம்! இப்போது சட்டி தடதடக்க, முன்னைவிடச் சத்தமாக நைனா பாடினார்:

"ஊரு சிரிச்சா சிரிக்கட்டுமே,
எம் பீவி திட்டு இனிக்குதே!"

விசில் பறந்தது. முன்பின் தெரியாத பிள்ளைகள் கட்டிப்பிடித்து ஆடினார்கள்.

"இந்த வரிக்காகத்தான் மாமி அம்புட்டுப் பேரும் ஒங்க கூடச் சேந்து திட்டுறாக" என்றாள் ஃபாயிஸா.

"அட மனுசா!" பீவிக்குக் கண்ணீரும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. வாழ்ந்த காலத்தில் இதைக் கேட்காமல் போனோமே என்று வலித்தது. இப்போதாவது கேட்டோமே என்று குளிர்ந்தது.

பாட்டு முடிந்ததும் வெங்கடேஷ்பாபு பதறி ஓடிவந்தான். "கோவமா வாரீகன்னு ஃபாயிஸா மெசேஜ் போட்டுச்சும்மா. எதையும் மாத்தணும்னா சொல்லுங்க, மாத்திருவோம்."

"மாத்தத்தான் வேணும் தம்பி" என்றாள் பீவி. "எங் குரல் ரொம்பச் சன்னமாக் கேக்குது. கொஞ்சம் கூட்டி வைங்க."